சூக் சிங் வழக்கும் இரத்தக் கடனும்

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கை ஜப்பானியர் வசமாயிற்று. மூன்றே நாளில், 18 முதல் 50 வயது வரையிலான சீன ஆடவர் அனைவரும் குறித்த இடங்களில் வந்து கூடவேண்டுமெனக் கட்டளை பிறந்தது. முகமூடியிட்ட ஒற்றன் ஒருவன் தலையசைத்தால் போதும், எதிரே நிற்பவன் விதி முடிந்தது. தாளிலோ சட்டையிலோ கையிலோ முத்திரை பெற்றவன் வீடு திரும்பினான். பெறாதவன் லாரியில் ஏற்றப்பட்டான். சாங்கி, பொங்கோல், சிக்ளாப் கடலோரங்கள் கொலைக்களங்களாயின. மாண்டோர் தொகையை ஜப்பானியத் தரப்பு ஏறத்தாழ 5,000 என்றது. சீனச் சமூகமோ 50,000 வரை கூறிற்று.

போர் முடிந்தபின், 1947 மார்ச் 10ஆம் நாள் விக்டோரியா நினைவு மண்டபத்தில் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றம் கூடியது. குற்றக் கூண்டில் நின்றோர் அதிகாரிகள் எழுவர். ‘மானிடத்திற்கு எதிரான குற்றம்’ என்னும் சொற்றொடர் நியூரம்பர்க்கில் ஒலித்திருந்தது. இங்கோ போர் விதிகளை மீறியதாகவே குற்றம் சாட்டப்பட்டது. சிங்கையில் நடந்த பிரிட்டிஷ் விசாரணைகளுக்கு அடிப்படையான அரச ஆணை அதற்கு மேல் இடம் தரவில்லை. “மேலிடத்துக் கட்டளை” என்பதே எதிர்த்தரப்பின் வாதம். கட்டளையிட்ட தளபதி யமாஷித்தாவோ, பிலிப்பைன்ஸ் கொடுமைகளுக்காக 1946இலேயே தூக்கிலிடப்பட்டிருந்தார். திட்டம் வகுத்தவராகப் பலரும் சுட்டிய சுஜி மசனோபு தலைமறைவாகிப் பிழைத்து, 1952இல் ஜப்பானிய நாடாளுமன்றத்திற்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்! நீதியின் கை எட்டியது இடைநிலையில் நின்றவர்களைத்தான்.

ஏப்ரல் 2ஆம் நாள் தீர்ப்பு வந்தது. கவாமுரா, ஓயிஷி இருவருக்கும் மரணம். ஏனைய ஐவருக்கு ஆயுள் தண்டனை. கணவரையும் மக்களையும் பறிகொடுத்தோர் உள்ளம் ஆறவில்லை. அத்துணை உயிர்களுக்கு இரு உயிர்தாமா என்று கொதித்தனர். அக்கொதிப்பில் பழிவாங்கும் உணர்வு கலந்திருந்தது உண்மையே. எனினும் அதை வெறும் பழியுணர்வெனத் தள்ளுவது நேர்மையாகாது. கொன்றது ஏன், புதைத்தது எங்கே என்ற வினாக்களுக்கு அவ்வழக்கு முழு விடை தரவில்லை.

அவ்விடையை 1962இல் மண்ணே தந்தது. சிக்ளாப்பில் எலும்புக் குவியல்கள் வெளிப்பட்டன. மறு ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள், சீன வர்த்தக சங்கத்தின் அழைப்பை ஏற்று ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நகர மண்டபத்தின் முன் திரண்டு ‘இரத்தக் கடனை’த் தீர்க்குமாறு முழங்கினர். 1966இல் ஜப்பான் 5 கோடி வெள்ளிக்கு இசைந்தது. அதில் பாதி நன்கொடை, மறுபாதி கடன். கடன் தீர்க்க வந்தவர் கடன் கொடுத்த விந்தை!

தோண்டியெடுத்த எலும்புகள் 600க்கும் மேற்பட்ட தாழிகளில் வைக்கப்பட்டு, பீச் ரோட்டில் எழுந்த நினைவுச் சின்னத்தின் அடியில் அடக்கம் செய்யப்பட்டன. சீனருக்கென எழுந்த கோரிக்கை, சீனர், மலாய்க்காரர், இந்தியர், யூரேசியர் ஆகிய நால்வரையும் குறிக்கும் நான்கு தூண்களாக உருப்பெற்றது. அச்சின்னம் 1967 பிப்ரவரி 15ஆம் நாள், நகரம் வீழ்ந்த அதே தேதியில், திறந்து வைக்கப்பட்டது.