பனிக்கட்டி தந்த பாடம்



ஏறக்குறைய 1790 ஆம் ஆண்டிலே ஜெனீவா நகரத்து அறிஞர் பிக்தே, இரு குழிவாடிகளை எதிரெதிரே நிறுத்தி, ஒன்றின் குவியத்தில் வெப்பமானியையும் மற்றதன் குவியத்தில் பனி நிறைந்த குடுவையையும் வைத்தார். வெப்பமானி இறங்கிற்று. அவ்வாறாயின், குளிரும் கதிராகப் புறப்பட்டுச் செல்லுமோ?

அந்நகரத்தவரேயான பிறெவோ 1791 இல் விடை பகர்ந்தார். சூடான பொருளும் குளிர்ந்த பொருளும் இடையறாது வெப்பத்தை வீசுகின்றன. கொடுத்ததிலும் பெற்றது குறைந்தால் பொருள் குளிர்கின்றது. ஆகவே, குளிர் வரவில்லை, வெப்பமே போயிற்று. பரப்புக்களிடையே நிகழும் கதிர்வீசலைக் கணிப்போர் அனைவருக்கும் இக்கொடுக்கல் வாங்கலே அடிப்படையாகும்.

கொடுக்கும் அளவு யாது? பிளாற்றினக் கம்பியொன்று 525 பாகையிலிருந்து 1200 பாகைக்குச் சூடேறும்போது, அது வீசும் வெப்பம் 11.7 மடங்காகின்றதென்ற அளவீட்டை வியன்னாப் பேராசிரியர் ஸ்ரெபான் ஆராய்ந்தார். கதிர்வீசல் தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு விகிதசமமானது என்று 1879 இல் அறிவித்தார். அவர் மாணாக்கர் போல்ற்ஸ்மன் 1884 இல் அதனைக் கொள்கைவழி நிறுவினார்.

வீசிய வெப்பத்துள் எவ்வளவு எப்பரப்பைச் சேரும் என்பது கேத்திரகணிதத்தின்பாற்படும். தூரம், சாய்வு, இடையிலுள்ள மறைப்பு ஆகியன அதனைத் தீர்மானிக்கும். ஒளியைப் பற்றி லாம்பேட் 1760 இல் வகுத்த விதி இங்கே துணைபுரிகின்றது.

இரண்டு தட்டுக்களாயின் கையாலே கணித்துவிடலாம். உலையின் உட்புறத்தையோ விண்கலத்தையோ அவ்வாறு கணித்தல் அரிது. வெற்றிடத்திற் செல்லும் விண்கலம் தன் வெப்பத்தைக் கழிப்பதற்குக் கதிர்வீசலே வழி. கணக்குப் பிழைத்தால் கருவிகள் கெடும். பொருளைச் சிறு கூறுகளாகப் பகுத்துக் கணிக்கும் முறையைக் கூரான்ற் 1943 இலும், விமான அமைப்பை ஆராய்ந்த ரேணர், கிளவ் முதலியோர் 1956 இலும் வளர்த்தனர். ‘முடிவுறு கூறு முறை’ என்னும் பெயரைக் கிளவ் 1960 இல் இட்டார். பின்னர் அது வெப்பத்துக்கும் பயன்பட்டது.

வெப்பக் கடத்தலில் ஒவ்வொரு கூறும் தன் அயற்கூறுகளோடு மட்டுமே தொடர்புறும். கதிர்வீசலிலோ, ஒரு பரப்பு தான் காணும் பரப்புக்கள் எல்லாவற்றோடும் தொடர்புறும். 1000 பரப்புக்களுக்கு 10 இலட்சம் காரணிகள் எழுகின்றன. நான்காம் அடுக்கு இருப்பதால், விடையை ஊகித்துத் திருத்தி, மீண்டும் மீண்டும் கணித்தல் வேண்டும். இவ்வுழைப்பையே கணினி ஏற்கின்றது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. 27 பாகை செல்சியசிலுள்ள பரப்பு 54 பாகையை அடைந்தால், அதன் கதிர்வீசல் ஏறத்தாழ 1.4 மடங்காகும். தனிவெப்பநிலையை மறந்து செல்சியசு எண்களையே இட்டால், கணினி தயக்கமின்றி 16 மடங்கு என்று கூறும். மூடிய அறையொன்றிலே ஒரு பரப்பிலிருந்து புறப்படும் பங்குகளைக் கூட்டினால் ஒன்று வரவேண்டும். வாராவிடில், எங்கோ வெப்பம் கணக்கினின்றும் தவறிவிட்டது.

பிக்தேயின் வெப்பமானி பொய் கூறவில்லை. அதன் பொருளை உணர்தற்கே பிறெவோ வேண்டியிருந்தார். கணினி தரும் எண்களுக்கும் அத்தகைய ஒருவர் என்றும் வேண்டும்.