கண்டி மலைப்புறத்தில் உணவுப் பதனீடு: ஒரு வரலாற்று நோக்கு

கண்டியிலிருந்து மாத்தளை செல்லும் வீதியில், அக்குறணைக்கு அப்பால் உள்ளது அலவத்துகொட. மிளகு, கராம்பு, சாதிக்காய் ஆகியவை வீட்டுத்தோட்டங்களிலே விளையும் பகுதி இது. பறித்த மிளகு முற்றத்தில் உலர்ந்து மூடையாகின்றது. மூடை வியாபாரியின் கைக்கு மாறுகின்றது. அரைத்தல், பொதிசெய்தல், பெயர் பொறித்து விற்றல் ஆகிய பிந்திய வேலைகள் பெரும்பாலும் வேறிடத்தில், வேறொருவர் முதலீட்டில் நடைபெறுகின்றன. இந்நிலை இன்றைய சந்தையின் தற்செயல் விளைவா, அன்றிப் பழையதோர் அமைப்பின் தொடர்ச்சியா என்பதே இங்கு எழும் வினா. பதனிடுதலின் எந்தப் படி எங்கே நிகழ்தல் வேண்டும் என்பதை ஓரளவுக்குப் பொருளின் இயல்பு தீர்மானிக்கின்றது. எஞ்சியதைத் தீர்மானிப்பது சந்தையையும் மூலதனத்தையும் கைக்கொண்ட வர்க்கத்தின் நலனாகும். இதனைக் கோப்பி, தேயிலை ஆகிய இரண்டின் வரலாறும் தெளிவாகக் காட்டுகின்றன.

பிரித்தானியர் கண்டியைக் கைப்பற்றிய 1815ஆம் ஆண்டினைத் தொடர்ந்து, 1820களில் கம்பளைப் பக்கத்தே கோப்பித் தோட்டச் செய்கை தொடங்கியது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் காடுகளையும் சேனை நிலங்களையும் தோட்டத்துரைமாரின் கைக்கு மாற்ற வழிவகுத்தது. கோப்பிப் பழத்தின் சதையைத் தோட்டத்திலேயே நீக்கி, ஊறவைத்துக் கழுவி, களத்தில் உலர்த்தினர். மேற்றோலுடன் கூடிய அவ்வித்துக்கள் மாட்டுவண்டிகளிலும், 1867இன் பின்னர் புகைவண்டியிலும் கொழும்பை அடைந்தன. தோல் நீக்கித் தரம் பிரிக்கும் வேலை கொழும்பு ஆலைகளில் நடைபெற்றது. தரம் பிரித்தோருட் பெண்களே மிகப் பலர். வறுத்தல், அரைத்தல், விற்றல் ஆகியன ஐரோப்பாவில் நிகழ்ந்தன. அழுகக்கூடிய நிலையைக் கடத்தும் அளவுக்கு மட்டுமே மலையில் பதனீடு நடந்தது எனலாம்.

இவ்வேலைக்கு வேண்டிய கைகள் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தன. மன்னார்க் கரையில் இறங்கியோர் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தனர். கண்டிப்புறத் தோட்டங்களை நாடியோர் அங்கிருந்து தெற்கு நோக்கினர். வழியில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் மாண்டோர் பலர். கோப்பி பருவகாலப் பயிராதலின் அறுவடை முடிந்ததும் பெரும்பகுதியினர் ஊர் திரும்பினர்.

1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். தொடக்கத்தில் பங்களா விறாந்தையில் மேசைமீது கையால் உருட்டி, கரியடுப்பில் உலர்த்தினர். 1873இல் இலண்டனுக்கு அனுப்பிய தேயிலை 23 இறாத்தல் மட்டுமே.

தேயிலையின் இயல்பு கோப்பியினின்றும் வேறுபட்டது. பறித்த கொழுந்து சில மணி நேரத்திற் கெடத் தொடங்கும். ஆதலால் வாட்டுதல், உருட்டுதல், நொதிக்கவிடுதல், உலர்த்துதல், சலித்துத் தரம் பிரித்தல் ஆகிய யாவும் தோட்டத்தின் அருகிலேயே நடைபெறல் அவசியமாயிற்று. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து வேண்டும் என்பதும் மனங்கொளத்தக்கது. இவ்வாறே உருட்டும் பொறியும் உலர்த்தும் பொறியும் மலையேறின. விவசாயத் தொழிலாளியின் லயத்தருகே ஆலைத் தொழில் உருவாகியது. தோட்டத்துப் பேச்சுவழக்கில் தொழிற்சாலையை ‘ஸ்டோர்’ என்பர். கோப்பியைச் சேமித்த கட்டடத்தின் பெயர் புதிய உற்பத்திமுறைக்கும் நிலைத்தது எனக் கருத இடமுண்டு.

கொழுந்து ஆண்டு முழுவதும் துளிர்ப்பதால், தொழிலாளர் குடும்பத்தோடு நிலையாகத் தங்க வேண்டியதாயிற்று. மலையகத் தமிழர் ஒரு சமூகமாக உருப்பெற்றமைக்கு இது முக்கிய பொருளியற் காரணம். ஆயினும் ஆலை மலைக்கு வந்ததால் இலாபமும் மலையில் தங்கியது என்று கொள்ளல் தவறாகும். 1883இல் கொழும்பில் ஏலம் தொடங்கிய பின்னரும் கலத்தலும் பொதிசெய்தலும் விளம்பரமும் இலண்டன் வணிகரின் பிடியிலேயே இருந்தன. 1890இல் இலங்கைத் தோட்டங்களை வாங்கிய லிப்டன் போன்றோர் தோட்டத்தையும் கடையையும் ஒரே மூலதனத்தால் இணைத்தனர். சிறு அதிகரிப்பு வேண்டிய தொழிலாளி எதிர்கொண்டது வேறொன்று: லூல்கந்துர அமைந்த அதே ஹேவாஹெட்டயில், முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது, 1940 ஜனவரியில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியானார்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இவ்வுழைப்பாளரை நாடற்றோராக்கியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின; நிலம் கைமாறியபோதும் உழைத்தோர் அதன் உரிமையாளராகவில்லை. 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளைச் சேர்ந்தது. அண்மைத் தசாப்தங்களில் இலங்கைப் பெயர்களில் பொதித் தேயிலையும் தேயிலைப் பைகளும் உலகச் சந்தையை அடைந்தமை உண்மையான மாற்றமே. எனினும், ஒரு நாளுக்கு 1000 ரூபா ஊதியம் வர்த்தமானியில் இடம்பெற 2021 வரை போராட வேண்டியிருந்தது. பெறுமதி நாட்டுக்குள் கூடுதலும் அது உழைப்பவரைச் சென்றடைதலும் வெவ்வேறானவை என்பதற்கு இதுவே சான்று.

பேராதனைக்கு அணித்தான ஹந்தானையில், 1925இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் நூதனசாலையாக உள்ளது. பழைய பொறிகளை அங்குக் காணலாம். அவற்றை இயக்கியோரின் வரலாற்றை நாம் வாய்மொழிச் சான்றுகளிலிருந்தே பெரிதும் திரட்டல் வேண்டும்.

அலவத்துகொட மிளகுக்கு மீள்வோம். மிளகு நன்கு உலர்ந்தால் நெடுநாள் கெடாது. தேயிலைபோல் சில மணி நேரத்தில் ஆலையை வேண்டுவதில்லை. ஆகவே அரைத்தலையும் பொதிசெய்தலையும் விளையும் ஊரிலேயே மேற்கொள்ளப் பொருளின் இயல்பு தடையாக இல்லை. திருட்டுக்கு அஞ்சி முதிருமுன் பறித்தலும், உடன் பணத் தேவைக்காக உலருமுன் விற்றலும், சிறு உற்பத்தியாளரிடம் கடன்வசதியும் பொதுச் சேமிப்பிடமும் இல்லாமையுமே தடைகள். இவை கூட்டுறவு முயற்சியால் நீங்கக்கூடியவை. பொறியை மட்டும் கிராமத்துக்குக் கொண்டுவந்தால் போதாது என்பதைத் தேயிலைத் தொழிற்சாலையின் வரலாறு உணர்த்துகின்றது. பொறியின் உடைமையும் விற்பனையின் கட்டுப்பாடும் யாரிடம் இருத்தல் வேண்டும் என்ற வினாவோடு சேர்த்தே பதனீட்டுத் திட்டங்கள் வகுக்கப்படல் வேண்டும்.