அட்டன் தொகுதியும் நடேசய்யரும்

நோர்வூட்டிலிருந்து அட்டனுக்குச் செல்லும் தெருவின் இருமருங்கும் தேயிலைத் தோட்டங்களே. தெரு அரசாங்கத்துக்குரியது, அதனின்று பிரிந்து லயங்களை நோக்கி ஏறும் பாதையோ தோட்டத்துக்குரியது. இவ்வேறுபாட்டை உணராதார்க்கு 1936ஆம் ஆண்டில் கோ. நடேசய்யர் அட்டன் தொகுதியிற் பெற்ற வெற்றியின் அருமை புலப்படாது.

டொனமூர் அரசியற்றிட்டம் 1931இல் நடைமுறைக்கு வந்தபோது, 21 வயதடைந்த ஆண் பெண் இருபாலாரும் வாக்குரிமை பெற்றனர். இந்தியத் தொழிலாளர்க்கு மட்டும் அவ்வுரிமை எளிதிற் கிட்டவில்லை. அவர்கள் இந்நாட்டைத் தம் நிலையான இருப்பிடமாகக் கொண்டமையை நாட்டுதல் வேண்டும். அன்றேல் சொத்தும் எழுத்தறிவும் உடையராதல் வேண்டும். அன்றேல் ஐந்தாண்டு வாழ்ந்து நிரந்தரக் குடியேற்றச் சான்றிதழ் பெறுதல் வேண்டும். எனினும் ஏறத்தாழ ஓரிலக்கம் பேர் அவ்வாண்டிற் பதிவுபெற்றனர். அட்டனின் முதற் பிரதிநிதி பெரி. சுந்தரம், தோட்டத்திற் பிறந்து கேம்பிரிட்ஜிற் கற்ற அவர் தொழில், கைத்தொழில், வர்த்தக மந்திரியுமானார்.

நடேசய்யர் வேறு வகையினர். தஞ்சைச் சீமையிலிருந்து வந்த அவர், புடவை வியாபாரி போன்று வேடம் பூண்டு தோட்டங்களுட் புகுந்து தொழிலாளர் நிலையைக் கண்டறிந்தார். பின்னர்த் ‘தேசநேசன்’ முதலாய பத்திரிகைகளை நடத்தினார், சிலகாலம் ஏ. ஈ. குணசிங்காவுடன் உழைத்து, இந்தியரைப்பற்றிய அவர் போக்கு மாறவே பிரிந்தார்; 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சங்கமொன்றை நிறுவினார்.

தோட்டத்துள் வெளியார் நுழைவதற்குத் துரையின் அனுமதி வேண்டும். அனுமதியின்றிப் புகுவோர்மீது அத்துமீறல் வழக்குத் தொடரலாம். வாக்காளர் துரையின் லயத்தில் வாழ்ந்தனர். துரையின் பிரட்டுக்கு விடியுமுன் சென்றனர். பெரிய கங்காணியிடம் கடன்பட்டிருந்தனர். இத்தகையோரிடம் வாக்குக் கேட்கும் வேட்பாளன் கடைவீதியிலன்றி வேறெங்கே நிற்பான்? நடேசய்யரின் மனைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களிற் பாடினார். வாசிக்கத் தெரியாதார்க்குப் பாட்டே துண்டுப்பிரசுரமாயிற்று. பிரசங்கியார் பலர் இன்றும் அறியாத உண்மை இது.

அக்காலத்தில் ஒவ்வொரு வேட்பாளர்க்கும் ஒரு நிறம் குறிக்கப்பட்டு, அந்நிறப் பெட்டியிலே வாக்குச் சீட்டு இடப்பட்டது. எழுத்தறியாக் கொழுந்து பறிப்பவளும் நிறத்தை அறிவாள். மறைப்புக்குள் அவள் எப்பெட்டியை நாடினாளென்பதைக் கணக்கப்பிள்ளையும் காணான், துரையும் காணான். தோட்ட வாழ்வில் அவளுக்குக் கிடைத்த கண்காணிப்பற்ற கணம் அதுவொன்றே எனலாம். நடேசய்யர் அரசாங்க சபைக்குத் தெரிவாயினார்.

அவர் குறையற்றவரல்லர். பிறரோடு இணைந்து செல்லும் இயல்பு அவரிடம் மிகுதியாயிருக்கவில்லை. 1939இல் நேருவின் வருகையை ஒட்டித் தோன்றிய இலங்கை இந்தியர் காங்கிரசு வளர, அவர் சங்கம் தளர்ந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அவர் வெல்லவில்லை, அவ்வாண்டிலேயே காலமானார்.

அத்தேர்தலிற் காங்கிரசு எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. நுவரெலியாவில் சௌ. தொண்டமானும் தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையும் மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தாவும் அவருட் சிலர். ஆயின், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் திருத்தச் சட்டமும் அவ்வாக்காளருட் பெரும்பாலாரை இடாப்பினின்று நீக்கின. 1952இல் அவ்வேழு இடங்களுள் ஒன்றேனும் காங்கிரசுக்குக் கிடைக்கவில்லை. நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியின் மூன்று உறுப்பினருள் ஒருவராகத் தொண்டமான் வாக்காளராற் மீண்டும் தெரிவானது 1977இல்.