நல்ல கையைக் கட்டிவைத்தல்: பக்கவாத மறுவாழ்வில் ஒரு கருத்தின் வரலாறு

பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவருக்கு, நன்றாக இருக்கும் கையைக் கட்டிவைத்து, விழுந்த கையாலேயே உண்ணவும் உடுத்தவும் பழக்கும் சிகிச்சை 1990களின் சாதனையாகப் பேசப்படுகிறது. ஆனால் அதற்கு அடிப்படையான சோதனை 1917லேயே அச்சேறிவிட்டது. அது நோயாளியின் படுக்கையருகே வந்துசேர முக்கால் நூற்றாண்டு ஆனது ஏன் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

வாஷிங்டனில் அரசு மனநல மருத்துவமனையில் பணியாற்றிய உளவியலாளர் ஷெப்பர்ட் ஐவரி ஃபிரான்ஸ், நெடுங்காலமாகச் செயலற்றுக் கிடந்த கைகால்களும் பயிற்சியால் அசையும் என்று 1915இல் எழுதினார். இரண்டாண்டு கழித்து ராபர்ட் ஆக்டனுடன் சேர்ந்து, மூளையின் இயக்கப் பகுதி சேதப்படுத்தப்பட்ட குரங்குகளை ஆராய்ந்தார். நல்ல கையைக் கட்டி, விழுந்த கையைப் பிடித்துவிட்டுப் பயிற்சி தந்தபோது குரங்குகள் அதை மீண்டும் பயன்படுத்தின. சும்மா விடப்பட்டவை அவ்வாறு தேறவில்லை.

இந்தச் சான்றை ஏற்க அன்றைய நரம்பியல் ஆயத்தமாக இல்லை. நரம்பணுக்களைத் துல்லியமாக வரைந்து காட்டிய ஸ்பானிய அறிஞர் ரமோன் இ காஹால், முதிர்ந்த மூளையின் நரம்புப் பாதைகள் முடிந்த முடிபானவை, அங்கே அழிவுதான் உண்டு, மறுபிறப்பு இல்லை என்று அதே காலகட்டத்தில் எழுதியிருந்தார். வருங்கால அறிவியல் இதை மாற்றக்கூடும் என்ற நம்பிக்கையையும் அவர் பதிவுசெய்தார். பின்வந்தோர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நல்ல கையைத் திறமையாக்கினால் போதும் என்பது மறுவாழ்வுப் பயிற்சியில் வேரூன்றியது.

கருத்து மீண்டும் முளைத்தது வேறொரு நிலத்தில். உணர்வு நரம்புகளை மட்டும் அறுத்தாலே குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதில்லை என்று மோட், ஷெரிங்டன் என்ற ஆய்வாளர்கள் 1895இல் காட்டியிருந்தனர். உணர்வில்லாமல் இயக்கமில்லை என்பது அவர்கள் முடிவு. பல பத்தாண்டுகள் கழித்து உளவியலாளர் எட்வர்ட் டாப் குழுவினர் இதை மறுபரிசீலனை செய்தபோது, நல்ல கையைக் கட்டியதும் உணர்வற்ற கை வேலை செய்தது. அறுவை முடிந்த நாட்களில் கையை அசைக்கும் முயற்சிகள் தோற்கின்றன. மற்ற மூன்று உறுப்புகளும் காரியத்தை முடித்துவிடுகின்றன. நாளடைவில் முயல்வதே நின்றுபோகிறது. கை செயலிழந்ததில் ஒரு பங்கு காயத்தினுடையது, மறுபங்கு கற்றுக்கொண்ட கைவிடல் என்றார் டாப். பக்கவாத ஆய்வில் இதைவிட முக்கியமான வேறுபடுத்தல் இருப்பதாக நான் கருதவில்லை. கற்றது என்றால், அதை மாற்றிக் கற்பிக்கவும் முடியும் அல்லவா?

குரங்குகள் கொடுத்த விலையைச் சொல்லாமல் இவ்வரலாற்றை எழுதக்கூடாது. 1981இல் அமெரிக்காவின் சில்வர் ஸ்பிரிங்கில் இருந்த டாப்பின் ஆய்வகத்திலிருந்து, விலங்குவதைப் புகாரின்பேரில் 17 குரங்குகளைக் காவல்துறை கைப்பற்றியது. அவர்மீதான தண்டனை மேல்முறையீட்டில் நீங்கியது. ஆனாலும் அவ்வழக்கு விலங்கு நலச் சட்டம் 1985இல் திருத்தப்படத் தூண்டுகோலானது. அக்குரங்குகள் சிலவற்றின் மூளையை ஆராய்ந்த டிம் பான்ஸ் குழுவினர், கைக்குரிய புறணிப் பகுதி முகத் தொடுதலுக்கு எதிர்வினை காட்டுவதை 1991இல் வெளியிட்டனர். முதிர்ந்த மூளையின் வரைபடம் மாறியிருந்தது. அதுவும் சென்டிமீட்டர் அளவில்.

அலபாமா சென்ற டாப் 1993இல் ஒன்பது பக்கவாத நோயாளிகளைக் கொண்ட சிறு ஆய்வை வெளியிட்டார். சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களுக்கு இரண்டு வாரம் நல்ல கை விழித்திருக்கும் நேரமெல்லாம் கட்டுண்டிருந்தது. வேலைநாட்களில் ஆறு மணி நேரப் பயிற்சி. 1996இல் ராண்டால்ஃப் நூடோ, பயிற்சி பெற்ற குரங்குகளில் சேதத்தை ஒட்டிய கைப்பகுதி சுருங்காமல் நிற்பதையும் சிலவற்றில் விரிவதையும் காட்டினார். 2000இல் லீப்பர்ட் குழுவினர் காந்தத் தூண்டல் முறையில் 13 நோயாளிகளிடம் அதே விரிவைக் கண்டனர். ஃபிரான்ஸுக்குக் கிடைக்காதது இதுதான்: உள்ளே நடப்பதைக் காட்டும் கருவி. அது இல்லாதவரை, குணமடைந்த கை வெறும் விதிவிலக்காகவே பார்க்கப்பட்டது.

ஸ்டீவன் வுல்ஃப் தலைமையில் 222 பேரிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வு, பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதமானவர்களுக்கு இம்முறை தெளிவான பலன் தருவதை நிறுவியது. எல்லோருக்கும் அல்ல. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவேனும் நீட்ட முடிந்தவர்களே சேர்க்கப்பட்டனர். கை முற்றிலும் அசையாதவர்களுக்கு இந்த முடிவு பொருந்தாது.

அதிகம் பயிற்சி தந்தால் அதிகம் தேறும் என்ற எண்ணமும் நிலைக்கவில்லை. பக்கவாதம் வந்த சில வாரங்களுக்குள் 52 பேரிடம் அலெக்சாண்டர் டிராமரிக் குழுவினர் நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. அதில் கடுமையான பயிற்சி பெற்றவர்கள் மூன்று மாத முடிவில் மற்றவர்களைவிடக் குறைவாகவே தேறியிருந்தனர். எந்த நாளில், எத்தனை மணி நேரம், யாரைக் கொண்டு என்ற கேள்வி இப்போது ஆய்வாளர்கள் முன் நிற்கிறது. இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளிடம், குடும்பத்தாரைக் கொண்டே வீட்டில் மறுவாழ்வுப் பயிற்சி தரும் முறை சோதிக்கப்பட்டது. 2017இல் வந்த முடிவின்படி, ஆறு மாதத்தில் இறப்பிலோ பிறரைச் சார்ந்திருப்பதிலோ அதனால் வேறுபாடு ஏற்படவில்லை. ஆறு மணி நேரமும் பயிற்சியாளரை அருகில் வைத்துக்கொள்ள முடியாத வீடுகளுக்கு ஏற்ற அளவையும் முறையையும் இனிதான் வகுக்க வேண்டும்.