பரடேயின் இறப்பர்ப் பை

1824 இல் இலண்டன் றோயல் நிறுவனத்தில் மைக்கேல் பரடே இரு இறப்பர்த் தாள்களின் விளிம்புகளை அழுத்தி இணைத்து, உட்புறம் ஒட்டாதிருக்க மாவு தூவி, ஐதரசன் வாயுவை நிரப்பினார். இன்றைய விளையாட்டுப் பலூனின் மூதாதை ஓர் ஆய்வுகூடப் பண்டமே.

பலூன் வெடிக்கையில் இறப்பர் கிழியும் ஓசையே கேட்கிறதெனப் பலர் எண்ணுவர். உண்மையில் ஒலிப்பது உள்ளே நெருக்குண்ட வளி. அதன் அமுக்கம் வெளியமுக்கத்தைவிட நூற்றுக்குச் சில வீதமே அதிகம். ஆயினும் உறை கணப்பொழுதில் விலகிவிடுவதால், மெல்லத் தணிய அவகாசமின்றி அது ஒரே அலையாய்ச் செவியில் அறைகிறது. வாய்க்கட்டை அவிழ்த்துவிட்டாலோ, அதே காற்று வெறுமனே சீறிப்போகும்!

2015 இல் பாரிஸ் ஆய்வாளர் இருவர் கிழிதலையே ஆராய்ந்தனர். குறைவாக ஊதிய பலூன் ஒரே பிளவில் கிழிந்தது; மிகுதியாக ஊதியது பல கீலங்களாகச் சிதறியது. பிளவின் வேகத்துக்கு வரம்புண்டு. அதை எட்டியதும் அது கிளைவிடுகிறது.