விளையும் பயிர் முளையிலே தெரியுமா?



அமெரிக்காவில் பஃபலோ நகரில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் போனில் பேசினான். "சார், விளையும் பயிர் முளையிலே தெரியும்னு வகுப்பில் அடிக்கடி சொல்வீங்களே, எங்க ஊர் ஆட்டக்காரர் அதைப் பொய்யாக்கிட்டார்" என்றான். அவர் பெயர் ஜோஷ் ஆலன். அவரைப் பற்றித் தேடிப் படித்தேன்.

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக் என்பவர்தான் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர். ஆலன் கலிபோர்னியாவில் ஃபயர்பா என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் அவரை அழைக்கவில்லை. ரீட்லி என்ற சிறு கல்லூரியில் ஆடிவிட்டு வயோமிங் பல்கலைக்கழகம் சென்றார். கையோ இரும்பு. குறிதான் இல்லை. 100 எறிந்தால் 56தான் தன் அணியினர் கைக்குப் போகும்.

இப்படிப்பட்டவர்கள் தேற மாட்டார்கள் என்று சொல்ல நிபுணர்களுக்குக் காரணம் இருந்தது. கைல் போலர் 50 கெஜக் கோட்டில் மண்டியிட்டபடியே கோல் கம்பங்களுக்கு நடுவே எறிந்து காட்டியவர். கல்லூரியில் அவர் கணக்கு 48 சதவீதம்கூட இல்லை. 2003இல் பால்டிமோர் அணி அவரை எடுத்தது, நிலைக்கவில்லை. 2011இல் டென்னசி எடுத்த ஜேக் லாக்கர் 54 சதவீதக்காரர். காயங்களும் சேர, நான்கே பருவங்களில் ஓய்வு பெற்றுவிட்டார்.

2018இல் பஃபலோ அணி ஆலனை 7ஆவது ஆளாக எடுத்தது. முதல் ஆண்டு 52.8 சதவீதம். அடுத்த ஆண்டு 58.8. மூன்றாம் ஆண்டு, 2020இல், 69.2! 2024 பருவத்தின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்கே.

எப்படி நடந்தது? கையில் அல்ல, காலில்தான் கோளாறு என்று கண்டார்கள். முன்காலை எங்கே ஊன்றுவது, இடுப்பை எப்போது திருப்புவது என்று ஓய்வு மாதங்களில் திருத்தினார்கள். முதல் நான்கு பருவங்களும் பிரையன் டாபோல் என்ற ஒரே பயிற்சியாளர் உடனிருந்தார். 2020இல் ஸ்டெஃபான் டிக்ஸ் என்ற தேர்ந்த பந்து பிடிப்பாளரும் வந்து சேர்ந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, அணி இரண்டு ஆண்டுகள் பொறுத்திருந்தது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவனின் அப்பாவிடம், "இவனுக்குக் கணக்கு வராது, ஏதாவது தொழிலுக்கு அனுப்புங்க" என்று சொன்னேன். அவன் படிப்பு அதோடு நின்றது. பிறகு அவன் நோட்டைப் புரட்டினால், வாய்ப்பாட்டில் ஒரு பிழையும் இல்லை. எண்களை நேர்வரிசையில் எழுதாததால் கூட்டல் தவறியிருக்கிறது. கட்டம் போட்ட நோட்டு ஒன்று போதுமாயிருந்தது.

எல்லோரும் ஆலன் ஆகிவிடுவார்கள் என்று சொல்லமாட்டேன். போலரும் லாக்கரும் இருக்கிறார்கள். ஆனால் தவறு கையிலா காலிலா என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது. உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

அந்த மாணவன் இதைப் படித்தால், தம்பி, என்னை மன்னித்துவிடு.

என்றும் அன்புடன்,
உங்கள் ஆசிரியர்