கண்ணாடியில் காய்ந்த ரத்தம்

சரித்திரம் என்றால் கல்வெட்டும் செப்பேடுந்தான் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கண்ணாடித் துண்டுகளைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஸ்பெயின் தேசத்தில் எப்ரோ நதி கடலில் கலக்குமிடம் நெல் விளையும் பூமி. வயலில் தண்ணீர் நின்றால் கொசு. கொசு வந்தால் மலேரியா. 1939இல் உள்நாட்டுப் போர் முடிந்து, பசித்துக் கிடந்த ஜனங்களை முறைக்காய்ச்சல் பிடித்து உலுக்கியது. அங்கே இல்டெஃபோன்சோ கனிசியோ என்ற டாக்டர், 1942 முதல் 1944 வரை நோயாளிகளின் ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். காய்ச்சல் இன்னதென்று தெரிந்தால் மருந்து கொடுக்கலாம். அவர் கவலை அவ்வளவுதான். பார்த்ததும் துடைத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. அவர் குடும்பத்தாரும் எறியவில்லை. (நம் வீடுகளில் தாத்தாவின் கடிதங்களே தப்புவதில்லை!)

1964இல் ஸ்பெயினில் மலேரியா ஒழிந்ததாக அறிவித்தார்கள். சில வருஷங்களில் ஐரோப்பாவின் கிருமியே வம்சமற்றுப் போயிற்று, அதன் ஜாதகத்தை யாரும் கணிக்குமுன்பே. பிறகு பார்ஸிலோனா ஆராய்ச்சியாளர்கள் அந்தக் காய்ந்த கறையிலிருந்து கிருமியின் மரபணுவைப் பிரித்தெடுத்துப் படித்து, 2016இல் வெளியிட்டார்கள். வைவாக்ஸ், ஃபால்சிபாரம் என்று இரண்டு இனங்களும் அதில் இருந்தன. உயிரை வாங்கும் ஃபால்சிபாரத்துக்கு நெருங்கிய உறவு எங்கே தெரியுமா? நம் இந்தியாவில்! வைவாக்ஸின் பங்காளிகளோ அமெரிக்காவில். கொலம்பஸுக்குப் பின் போன ஐரோப்பியர்களோடு அதுவும் கப்பலேறியிருக்க வேண்டும் என்கிறார்கள்.